பழைய தொலைக்காட்சி நாடகத்தை நாடாவிலிருந்து இறுவட்டுக்குக் கொண்டுவருதல்

1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் கொழும்பிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னர், வீடியோ டெக் வைத்திருந்த வீடுகளில் தமிழ் நாடகம் போகும் நேரம் பார்த்து வெற்றுக் கசெட் ஒன்றைப் போட்டுப் பதிவு செய்துகொள்ளும் பழக்கம் உண்டாயிற்று. அந்தக் கசெட்டுகளில் சில வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அலுமாரிகளின் மேல்தட்டில் இன்னும் கிடக்கின்றன. சில, புலம்பெயர்ந்தவர்களின் பெட்டிகளோடு ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டன. அப்படிப்பட்ட ஒரு நாடகத் தொடரை, உரிமையுள்ளவர்களின் அனுமதியோடு, இன்றைய வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கத்தக்க இறுவட்டுத் தொகுப்பாக வெளியிட விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த மென்பொருளை வாங்க வேண்டும் என்பதைத்தான். மென்பொருளின் முறை வருவதற்கு முன்பே வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. நாடா டெக்கின் ஊடாக நன்றாக ஓடும் அந்த ஓர் ஓட்டத்தில் எவ்வளவு படம் கைக்கு வருகிறதோ அவ்வளவுதான் பிற்பாடு எவராலும் காட்ட முடியும். ஆகவே இந்த வழிகாட்டியில் நாடாவுக்கும் டெக்குக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்தப் பிரதி மூலம்?

வெளிநாட்டுப் பழைய தொடர்கள் புளூ-ரேயில் பளிச்சென்று வருவதைப் பார்த்துவிட்டு நம்முடையதும் அப்படியே வரும் என்று எதிர்பார்ப்பதில் ஒரு தவறு இருக்கிறது. 1951 இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ 35 மில்லிமீற்றர் படச்சுருளில் எடுக்கப்பட்டது. சுருளில் பதிந்திருக்கும் நுணுக்கத்தை அன்றைய தொலைக்காட்சி முழுமையாகக் காட்டவே இல்லை என்பதால், இன்று அதை மறுபடி ஸ்கான் செய்தால் புதிய விவரம் உண்மையாகவே கிடைக்கிறது. ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ சுருளில் எடுக்கப்பட்டுப் பின்னர் வீடியோவில் தொகுக்கப்பட்டதால், 2012 இல் தொடங்கிய புளூ-ரே வெளியீட்டுக்காக மூல நெகட்டிவ்களைத் தேடி ஸ்கான் செய்து, ஒவ்வொரு பகுதியையும் மீண்டும் முதலிலிருந்து தொகுத்தார்கள். கலையகத்தில் நேரடியாக ஒளிநாடாவில் பதிவான நாடகத்துக்கோ திரும்பிப் போவதற்கு நெகட்டிவ் ஒன்று இல்லை. நமது ‘பால்’ முறைத் தொலைக்காட்சியின் 625 கோடுகளில் படத்தைத் தாங்குபவை 576. அதற்கு மேல் காட்டுவதெல்லாம் கணினியின் ஊகம். மேலுறையில் ‘4கே’ என்று அச்சிடும் ஆசையை இந்த இடத்திலேயே கைவிட்டுவிடுவது நல்லது.

எனவே தேட வேண்டியது, மூலத்துக்கு மிக நெருக்கமான தலைமுறைப் பிரதியை. நிலையங்கள் பயன்படுத்திய தொழில்முறை நாடாக்களான ஒரு அங்குல நாடாவோ யூமட்டிக்கோ பீட்டாகாமோ கிடைத்தால் அதுவே முதன்மை. வீட்டு வி.எச்.எஸ். நாடா கிடைமட்டமாக ஏறத்தாழ 240 கோடுகள் அளவுக்கான நுணுக்கத்தையே வைத்திருக்கும். அதிலிருந்து இன்னொரு வி.எச்.எஸ்ஸுக்கு எடுத்த கொப்பி அதையும் இழந்திருக்கும். ஆனாலும் வீட்டுப் பதிவை இளக்காரமாகப் பார்க்க முடியாது. ஒளிநாடா விலை அதிகமாக இருந்த காலத்தில் அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்வது உலகெங்கும் நடந்தது, பி.பி.சி. நிறுவனமே ‘டொக்டர் ஹூ’ தொடரின் ஆரம்ப காலப் பகுதிகளின் நாடாக்களை அழித்தது, அவற்றுட் பல இன்றுவரை கிடைக்கவில்லை. நிலையத்தில் இல்லாத ஒரு நாடகம் யாரோ ஓர் ஆசிரியையின் வீட்டுக் கட்டிலின் கீழ் இருக்கக்கூடும்.

கனடாவிலிருந்து வரும் கொப்பிகள் குறித்து ஓர் எச்சரிக்கை. அங்கு அன்றிருந்த தொலைக்காட்சி என்.டி.எஸ்.சி. முறையைச் சேர்ந்தது என்பதால், இங்கிருந்து போன நாடாவை அங்கு பார்ப்பதற்காக 525 கோடுகளுக்கும் வினாடிக்கு ஏறத்தாழ 30 சட்டகங்களுக்கும் மாற்றியிருப்பார்கள். அந்த மாற்றத்தில் அடுத்தடுத்த படங்கள் ஒன்றோடொன்று கலந்து, அசைவுகள் இரட்டை உருவமாகத் தெரியும். அதைக் கேட்டு வாங்குவதற்கு முன், மாற்றத்துக்குக் கொடுத்த மூலக் கசெட் அதே வீட்டில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பல தடவை இருக்கிறது. ஒரே நாடகத்தின் இரண்டு சுயாதீனமான பதிவுகள் கிடைத்தால் இரண்டையும் எடுத்து வையுங்கள், ஒன்றில் நாடா கசங்கிய இடத்தை மற்றதிலிருந்து நிரப்பலாம்.

நாடாவைத் தொடும் முன்

கொழும்பின் ஈரப்பதன் ஒளிநாடாவின் முதல் எதிரி. காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள வீடுகளில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. கசெட்டின் கண்ணாடிச் சாளரத்தின் ஊடாகச் சுருளின் பக்கவாட்டை டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பொடி போலத் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை எந்த டெக்கிலும் போடக்கூடாது, முன்னோக்கிச் சுற்றியும் பார்க்கக்கூடாது. நான் இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் அப்படியொரு கசெட்டை எனது நல்ல டெக்கில் போட்டேன். நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியிலும் உருளைகளிலும் ஒட்டிய வித்துகள் அடுத்துப் போட்ட திருமணக் கசெட்டுக்கும் தொற்றின. அந்தக் குடும்பத்துக்குப் பதில் சொன்ன நாளிலிருந்து, பூஞ்சணம் உள்ளவற்றுக்கென்று விலை குறைந்த டெக் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

பூஞ்சணம் பிடித்த கசெட்டைச் சிலிக்கா ஜெல் பொதிகளோடு மூடிய பெட்டியில் பல நாட்கள் வைத்து உலர விடுங்கள். உலர்ந்த பூஞ்சணம் எளிதில் உதிரும், ஈரமானது நாடாவில் அப்பிக்கொள்ளும். பின்னர் முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில், நாரற்ற மெல்லிய துணியால் நாடாவின் இரு பக்கங்களையும் மெதுவாகச் சுற்றியபடி துடைக்க வேண்டும். நாடாவின் மீது அற்ககோல் பூசாதீர்கள். அது டெக்கின் தலைக்குரியது. கசெட் கூட்டில் பூஞ்சணம் ஊறியிருந்தால், கீழ்ப்பக்கத்திலுள்ள ஐந்து திருகாணிகளைக் கழற்றிச் சுருள்களைச் சுத்தமான வேறொரு கூட்டுக்கு மாற்றிவிடலாம். எதைச் செய்வதற்கு முன்னும் கசெட்டின் முதுகிலுள்ள பதிவுத் தடுப்புத் துண்டை உடைத்துவிடுங்கள். தவறி ஒரு பொத்தானை அமுக்கி, நாற்பது வருடம் காத்திருந்த நாடகத்தின் மேல் வெறும் நீலத்திரையைப் பதிவு செய்தவர்கள் உண்டு.

யூமட்டிக், ஒரு அங்குல நாடாக்களில் வேறொரு நோய் வரும். காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சிதைவதால் நாடா பிசுபிசுத்து, தலையில் ஒட்டி, கீச்சிட்டபடி நிற்கும். அதற்கு மருந்து, 50 முதல் 54 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எட்டு மணிநேரமோ அதற்கு மேலோ சீராக உலர்த்துவது. பழங்களை உலர்த்தும் மின்கருவியில் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சமையலறை ஓவன் வெப்பத்தைச் சீராக வைத்திருக்காது என்பதால் அதில் வைக்கக்கூடாது. உலர்த்திய பயன் சில வாரங்களே நிற்கும், ஆகவே பதிவெடுக்கும் நாளை முடிவு செய்த பிறகே உலர்த்துங்கள். ஒரேயொரு பிரதி மட்டும் உள்ள நிலைய நாடா என்றால் இதை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுவதே முறை.

டெக்கிலிருந்து கணினிக்கு

டெக்கின் உருளைத் தலையை 99 வீத ஐசோப்ரொபைல் அற்ககோல் தோய்த்த மென்தோலை வைத்து, உருளையைக் கையால் சுழற்றித் துடையுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலை உடையும், பஞ்சின் நார் சிக்கினாலும் உடையும். எஸ்-வீடியோ வெளியீடுள்ள எஸ்.வி.எச்.எஸ். டெக் ஒன்றைத் தேடிப் பிடிப்பது செலவுக்குத் தகும், ஏனெனில் அது ஒளிர்வையும் நிறத்தையும் தனித்தனியாக அனுப்புகிறது. மஞ்சள் வயரில் இரண்டும் கலந்து போய், பின்னர் பிரிக்கப்படும்போது நுணுக்கம் தேய்கிறது.

பழைய நாடாவிலிருந்து வரும் ஒவ்வொரு கோடும் மிகச் சிறிய கால வேறுபாட்டோடு வருகிறது. அதனால்தான் கதவு நிலைகளும் தூண்களும் அலையாக நெளிகின்றன, திரையின் மேற்பகுதி ஒரு பக்கமாகச் சாய்கிறது. அதை நேராக்கும் ‘ரைம் பேஸ் கொரெக்டர்’ என்ற கருவி இன்றிப் பதிவெடுப்பது, கோணலாக நட்ட கம்பத்துக்கு வர்ணம் பூசுவது போன்றது. பனசொனிக் என்.வி.-எஃப்.எஸ்.200 போன்ற சில டெக்குகளில் அது உள்ளேயே இருக்கிறது. அப்படிப்பட்டது கிடைக்காவிட்டால், பனசொனிக் டி.எம்.ஆர்.-ஈ.எஸ்.10 போன்ற பழைய டி.வி.டி. ரெக்கோடரின் ஊடாகச் சமிக்ஞையை அனுப்பி எடுத்தாலும் மேற்பகுதிச் சாய்வு வெகுவாகக் குறையும். புறக்கோட்டையில் மலிவாக விற்கும் சிறிய யூ.எஸ்.பி. கருவிகளைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு எனது பதில் ஒன்றே: குடும்ப விழாவுக்குப் போதும், வெளியீட்டுக்குப் போதாது. பலவற்றின் மென்பொருள் எடுக்கும்போதே படத்தைச் சுருக்கிவிடுகிறது, அப்படிப் போனது பின்பு திரும்புவதில்லை.

720×576 புள்ளிகளில், 4:2:2 நிற மாதிரியில், 10 பிட் ஆழத்தில் எடுங்கள். சுருக்காமல் வைத்தால் ஒரு மணிநேரம் ஏறத்தாழ 100 ஜிகாபைட் ஆகும். எதையும் இழக்காமல் சுருக்கும் எஃப்.எஃப்.வி.1 முறையில் மட்ரோஸ்கா (.mkv) கோப்பாக வைத்தால் அது பாதியளவுக்குக் குறைகிறது. இந்த முறையில் கோப்புக்குள்ளேயே பிழைச் சோதனை எண்களும் இருப்பதால், சில வருடங்களின் பின் வன்தட்டில் கோளாறு வந்தால் எந்தச் சட்டகம் பழுதானது என்று அறியலாம். எடுக்கத் தொடங்குமுன், நாடாவில் மிக வெளிச்சமான காட்சியை ஓடவிட்டு மென்பொருளின் ஒளிர்வு அளவுமானியைப் பாருங்கள்: வெள்ளை வேட்டியின் மடிப்புகள் தெரியாமல் தட்டையாகிவிட்டால், பிரகாசத்தை உள்வாங்கும் கட்டத்திலேயே குறைக்க வேண்டும். நாடாவை ஒரு தடவையோடு விடாமல் இரண்டு மூன்று தடவை எடுத்து, சிறந்ததை வைத்துக்கொள்ளுங்கள். யூ.பி.எஸ். இல்லாமல் தொடங்காதீர்கள், 2022 இல் ஒரு நாளில் 13 மணிநேரம்வரை மின்சாரம் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த மூலக் கோப்பைத் தொடாமல் இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் வைத்துவிட்டு, கொப்பியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

வினாடிக்கு ஐம்பது

நமது பழைய தொலைக்காட்சி வினாடிக்கு 25 சட்டகங்கள் காட்டியது என்று சொல்வது பாதி உண்மை. கலையகக் கமெரா வினாடிக்கு 50 புலங்களை எடுத்தது. ஒற்றைக் கோடுகள் ஒரு கணத்தையும் இரட்டைக் கோடுகள் ஐம்பதில் ஒரு வினாடி கழித்து வரும் அடுத்த கணத்தையும் தாங்கின. இரண்டும் பின்னி ஒரு சட்டகமாக வைக்கப்படுவதால்தான் கணினித் திரையில் கை அசையும்போது சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரிகின்றன. அந்தப் பற்களை அகற்ற எளிய வழி ஒரு புலத்தை எறிந்துவிட்டு 25 சட்டகமாக்குவது. இணையத்தில் கிடைக்கும் பழைய நாடகங்கள் பெரும்பாலும் அப்படித்தான் நாசமாகியிருக்கின்றன. நானும் ஒரு தடவை அதைச் செய்தேன். ஒரு பரதநாட்டியக் காட்சியில் நடிகையின் ஜதிகள் வெட்டிவெட்டி விழுவதைக் கண்டபோது, இடம் போதாதென்று மூலக் கோப்பை அழித்திருந்தேன். நாடாவை இரவல் தந்தவர் அப்போது வெளிநாடு போயிருந்தார்.

இங்கிலாந்தில் இந்த இயல்பை மீட்பதற்கென்றே வேலை செய்திருக்கிறார்கள். வீடியோ நாடா அழிந்து படச்சுருளில் எடுத்த நகல் மட்டும் எஞ்சிய ‘டொக்டர் ஹூ’ பகுதிகளுக்கு, விட்ஃபயர் என்ற முறையால், இழந்த இடைக்கணங்களைக் கணித்து 50 அசைவுகளாகத் திருப்பினார்கள். நமது நாடாவில் அந்த 50 கணங்களும் இருக்கும்போது அவற்றை எறிவதற்குக் காரணமே இல்லை.

டி.வி.டி.க்குப் போவதென்றால் பின்னலைப் பிரிக்கவே வேண்டாம். அந்த வட்டு 576 கோட்டுப் பின்னல் படத்தை அப்படியே ஏற்கும். கோப்பாகவோ, பெரிதாக்கிப் புளூ-ரேயிலோ வெளியிடும்போது, அவிசிந்த் அல்லது வேப்பர்சிந்த் என்ற வீடியோ செயலாக்க மென்பொருளில் இயங்கும் கியூ.டி.ஜி.எம்.சி. என்ற இலவச நிரலால் ஒவ்வொரு புலத்தையும் முழுச் சட்டகமாக்கி வினாடிக்கு 50 ஆகவே வைத்திருங்கள். புல வரிசையைச் சரியாகச் சொல்வது முக்கியம்: பெரும்பாலான அனலொக் பதிவுகளில் மேற்புலம் முதலாவது, டி.வி. (DV) என்ற டிஜிற்றல் நாடாக் கமெராக்களின் கோப்புகளில் கீழ்ப்புலம் முதலாவது. தவறாகச் சொன்னால், நடந்து செல்பவர் ஓரடி முன்னும் அரையடி பின்னுமாகத் துடிப்பார். ஒரு பேருந்து போகும் காட்சியைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

படத்தைத் துப்புரவாக்குதல்

வி.எச்.எஸ்ஸில் ஒவ்வொரு கொப்பி எடுக்கும்போதும் நிறம் ஒளிர்வைவிடச் சில கோடுகள் கீழிறங்குகிறது. மூன்றாம் தலைமுறைக் கொப்பியில் நடிகையின் குங்குமப் பொட்டு மூக்கை நோக்கி வடிந்ததுபோல் தெரிவது இதனால்தான். நிறத் தளத்தை மட்டும் மேலே நகர்த்தினால் பொட்டு நெற்றிக்குத் திரும்பும். எத்தனை கோடு என்பதைச் சிவப்புக் கரைச் சேலை, பலகை எழுத்து போன்ற கூரிய விளிம்புகளில் சோதித்துத் தீர்மானியுங்கள். நாடாவின் பூச்சு உதிர்ந்த இடத்தில் தோன்றும் வெள்ளைக் கீற்றுகளை, முன்பின் சட்டகங்களிலிருந்தோ இரண்டாம் பதிவிலிருந்தோ எடுத்து மூடலாம். இது மணிக்கணக்கில் கையால் செய்யும் வேலை. தானியங்கி நிரல்கள் பறக்கும் பறவையையும் எறிந்த பந்தையும் கீற்றென்று நினைத்து அழித்துவிடும்.

இரைச்சலைக் குறைப்பதில் கை அடக்கமாக இருக்கட்டும். நிற இரைச்சலைத் தாராளமாகக் குறைக்கலாம், ஒளிர்வில் சிறிதளவே போதும். செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும் மென்பொருள்கள் தூரத்தில் நிற்பவரின் முகத்துக்குத் தாமே ஒரு கண்ணையும் பல்வரிசையையும் வரைந்துவிடுகின்றன. தமிழ் எழுத்துள்ள பெயர்ப்பலகையை எம்மொழியிலும் சேராத கிறுக்கலாக்குகின்றன. இறந்துபோன ஒரு நடிகரின் முகத்தை அவருடைய பிள்ளைகள் பார்க்கப்போகும் வட்டில், இதை நான் அனுமதிப்பதில்லை. பிரகாசமான விளக்கு அசையும்போது பின்னால் இழுபடும் வால், பழைய குழாய்க் கமெராவின் இயல்பு, அதுவும் இருக்கட்டும்.

திரையை நிரப்புவதற்காக 4:3 படத்தின் தலையையும் காலையும் வெட்டாதீர்கள். ‘சைன்ஃபெல்ட்’ தொடர் 2021 இல் நெட்ஃபிளிக்சுக்கு அகலத் திரையில் வந்தபோது, வீதிக் குழியை மையமாகக் கொண்ட பகுதியில் அந்தக் குழியே சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. 1080 கோட்டுத் திரையில் 1440 புள்ளி அகலத்துக்கு வைத்து, இரு பக்கமும் கறுப்பாக விடுவதே சரியான முறை. 720×576 படத்தைச் சதுரப் புள்ளியாகவே காட்டினால் முகங்கள் ஒடுங்கும் என்பதையும் கவனியுங்கள். அடிப்பகுதியில் துடிக்கும் சில கோடுகள் டெக்கின் தலை மாறும் இடம். அவற்றைக் கறுப்பால் மூடினால் போதும்.

ஒலி

வி.எச்.எஸ். நாடாவின் ஓர ஒலித்தடம் வினாடிக்கு 2.34 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. பாட்டுக் கசெட்டின் வேகம் 4.76. குரல் மந்தமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் எடுத்து, மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் ரீங்காரத்தையும் அதன் மடங்குகளான 100, 150 ஹேர்ட்ஸ் ஒலிகளையும் ஒடுக்கமான வடிகட்டிகளால் அகற்றுங்கள். இஸ்ஸென்ற இரைச்சலை முற்றாக நீக்க முயன்றால் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும். வானொலி நாடகத்தில் உச்சரிப்புப் பழகி வந்த நடிகர்களுக்கு அதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. பகுதிக்குப் பகுதி ஒலியளவு சமமாக இருக்கிறதா என்று கடைசியில் பாருங்கள்.

வட்டும் எழுத்தும் உரிமையும்

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எழுதியவரின் உரிமை அவர் வாழ்நாளிலும் இறந்து 70 ஆண்டுகள்வரையும் நிற்கிறது. நிலையத்தின் கடிதம் மட்டும் போதாமல் போகலாம். கதாசிரியரின் வாரிசு, இசையமைத்தவர் ஆகியோரிடமும் எழுத்தில் வாங்குங்கள். நாடகத்தின் நடுவே ஒரு சினிமாப் பாட்டு வானொலியில் ஒலித்தால் அதுவும் தனி உரிமை. அமெரிக்காவின் ‘டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி’ 2007 இல் டி.வி.டி.யாக வந்தபோது பாடல்கள் பல மாற்றப்பட்டிருந்ததால் இரசிகர்கள் கோபப்பட்டார்கள். 2014 இல் வேறொரு வெளியீட்டில்தான் அவற்றிற் பெரும்பாலானவை திரும்பின. நாடாவுக்குச் செலவழிக்குமுன், அனுமதி வாங்க வேண்டியவர்களின் பட்டியலைப் போட்டுவிடுங்கள்.

ஒற்றை அடுக்கு டி.வி.டி. 4.7 ஜிகாபைட் கொள்ளும், படத்துக்கு வினாடிக்கு 9.8 மெகாபிட் உச்சம். இரைச்சலுள்ள நாடாப் படத்துக்கு ஒரு வட்டில் ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் திணிக்காதீர்கள். பலருக்குத் தெரியாத ஒரு வசதி, புளூ-ரே வட்டும் 576 கோட்டுப் பின்னல் படத்தை ஏற்கும் என்பது: 25 ஜிகாபைட் வட்டில், வினாடிக்கு 8 மெகாபிட் வீதம் ஏறக்குறைய ஏழு மணிநேரம் அடங்குவதால், முழுத் தொடரும் ஒரே வட்டில் வந்துவிடலாம். பெரிதாக்கியே தீரவேண்டுமென்றால் 1080 கோட்டுப் பின்னலையோ வினாடிக்கு 50 சட்டகமுள்ள 720 கோட்டையோ தெரிவுசெய்யுங்கள். எந்த நாட்டு இயந்திரத்தில் வட்டு ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் பிராந்தியக் குறியீட்டைத் திறந்தே விடுங்கள், நமது டி.வி.டி. பிராந்தியம் 5, வாங்கப்போகிறவர்களில் பாதிப்பேர் பிராந்தியம் 1 இலும் 2 இலும் இருக்கிறார்கள்.

தமிழ் தெரியாமல் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கில உபதலைப்பும், காது மந்தமான தாத்தாக்களுக்காகத் தமிழ் உபதலைப்பும் சேர்ப்பது நல்லது. நாடகத்தின் எழுத்துப் பிரதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சாகியிருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றி, கொம்புகளும் ரகரமும் சரியாக வந்தனவா என்று ஒருவர் இருந்து வாசிக்க வேண்டும். வட்டில் உபதலைப்பு படமாகவே பதிவதால் எழுத்துச் சிதையாது, ஆனால் யூ.எஸ்.பி.யில் தனி உபதலைப்புக் கோப்பாகக் கொடுத்தால் சில தொலைக்காட்சிகள் ‘கொ’வை மூன்று துண்டாக்கிவிடும்.

அச்சுக்கு அனுப்புமுன் சோதனை வட்டை மூன்று விதமான இயந்திரங்களிலாவது போட்டுப் பாருங்கள். எனது மூன்றாவது இயந்திரம் பம்பலப்பிட்டியில் ஓர் அத்தையின் வீட்டிலுள்ள பழைய டி.வி.டி. பிளேயர். அவர் ரிமோட்டை எடுத்து, மெனுவைப் படித்து, இரண்டாம் பகுதியைத் தாமாகவே ஓடவிட்ட பின்னர்தான் மூல வட்டை அச்சகத்துக்குக் கொடுக்கிறேன்.